உஷார்! மோட்டார் ரூமில் கட்டிக் கிடக்கும் ராட்வைலர்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்க ஆள் இறங்கும் நேரம் விடிகாலை நான்கு, நாலரை. தலையில் டார்ச் லைட்டை மாட்டிக்கொண்டு, மடியில் பையைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரப்பில் வரிசையாக வருவார்கள். மொட்டு மலர்வதற்குள் கிள்ளி மார்க்கெட்டுக்கு ஏற்றியாக வேண்டும். அதே தோட்டத்தில் ராத்திரி பத்து மணிக்கு அவிழ்த்துவிட்ட காவல் நாயைத் திரும்பக் கட்டுவது எப்போது? முதலாளி எழுந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு வந்த பிறகு. அதற்குள் மணி ஆறாகிவிடும். இடையில் கிடக்கும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

நாட்டு நாய் இருந்த காலத்தில் யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை. அது குரைக்கும், பாய்வது போல ஓடி வரும், ‘ச்சூ, போ’ என்றால் பத்தடி தள்ளி நின்று முறைக்கும். பூப்பறிக்கிற அக்காவின் தூக்குவாளியில் பங்கு கேட்டே பழகிய நாய் அது. இப்போது அந்த இடத்தில் ஐம்பது கிலோ எடையில் ராட்வைலர் நிற்கிறது. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று மட்டும் இல்லை. நத்தம் மாந்தோப்பு, ஒட்டன்சத்திரம் முருங்கைக்காடு, வேடசந்தூர் மில் காம்பவுண்டு, திண்டுக்கல் டவுனைச் சுற்றி முளைத்த புது நகர்கள் எங்கும் இதே கதைதான். மோட்டார் ஒயர் திருட்டு, ஆடு திருட்டு, ஆளில்லாத வீட்டில் கொள்ளை என்று பயம் இருக்கிறது, நியாயமான பயம்தான். அதற்கு மருந்தாக இந்த நாயை வாங்குகிற விதமும் வளர்க்கிற விதமும்தான் வயிற்றைக் கலக்குகிறது.

சென்னையில் நடந்ததை மறந்துவிட்டோமா? 2024 மே 5 ராத்திரி, ஆயிரம் விளக்கு பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அந்தப் பூங்காவைக் காவல் காக்கிறவரின் மகள் அவள். அவளுக்கு அதுதான் வீடு. தலையில் பலத்த காயம், ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. நாயின் சொந்தக்காரர் கைதானார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல் 55 வயதுக்காரரைக் கடித்தே கொன்றது. அதற்கும் முன்னால், 2022 ஜூலையில், லக்னோவில் செத்தது வெளியாள் இல்லை. வீட்டு நாயான பிட்புல்லிடம் உயிரை விட்டவர் அந்த வீட்டுப் பாட்டியே. மூன்று சம்பவத்திலும் ஒரு திருடன்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 2024 மார்ச் 12-ல் மத்தியக் கால்நடைத் துறை ராட்வைலர், பிட்புல், கேன் கோர்சோ உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையை நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அது கோர்ட்டில் சிக்கியது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலிலேயே ரத்து செய்துவிட்டது. சென்னைச் சம்பவத்துக்குப் பிறகு தமிழகத்தில் அறிவித்த தடையும் வந்த வேகத்தில் திரும்பிப் போனது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் இனிப் புது உரிமம் கிடையாது, மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று தீர்மானம் போட்டது. சென்னைக்கு நல்லது. ஆனால் அங்கே விலைபோகாத குட்டிகள் எந்த ஊர்ப் பக்கம் வண்டி ஏறும்? பெரிய தோட்டமும் ‘கெத்தாக ஒரு நாய்’ ஆசையும் உள்ள நம் பக்கம்தான்.

குட்டி விற்கிறவர் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். “அண்ணே, டபுள் போன். பாதத்தப் பாருங்க, சிங்கக்குட்டி மாதிரி. அப்பன் ஷோ டாக். ஆறு மாசம் போகட்டும், உங்க கேட்டுப் பக்கம் ஒருத்தன் வர மாட்டான்.” அப்பன் நாயை செல்போனில் காட்டுவார். அம்மா நாயைக் கேட்டால் “அது மதுரையில இருக்குண்ணே” என்பார். அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். குட்டியின் குணம் எப்படி வரும் என்று ஒரு துளியாவது சொல்லக்கூடியது அம்மா நாய்தான். அது மனிதரைக் கண்டால் ஒதுங்குகிறதா, உறுமுகிறதா, வாலாட்டுகிறதா என்று நேரில் பார்க்காமல் வாங்குகிறவர், பெண் பார்க்காமல் தாலி கட்டுகிறவர். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். நம் பக்கம் முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டி அட்டைப்பெட்டியில் பஸ் ஏறி வருகிறது. தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும் கடித்து விளையாடி, ‘இவ்வளவு அழுத்தினால் வலிக்கும்’ என்று கற்றுக்கொள்கிற வயது அது. அந்தப் பாடம் படிக்காத குட்டிதான் பிற்பாடு விளையாட்டுக்குக் கடித்தாலும் எலும்பு வரை இறங்குகிறது.

நாயைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. ராட்வைலர் ஜெர்மனியில் ராட்வைல் என்ற பழைய ஊரில் கசாப்புக்காரர்களிடம் வளர்ந்த இனம். மாட்டை ஓட்டியது, கறி வண்டி இழுத்தது. ரயில் வந்து அந்த வேலை போனதும் போலீஸ் வேலைக்குப் போனது. வேலை கொடுத்தால் உயிரைக் கொடுத்துச் செய்யும். வீட்டாள்மேல் ஒட்டுதல் அதிகம். சோபாவில் உட்கார்ந்தால் காலில் சாய்ந்துகொண்டு நிற்கும், சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வரும். தேவையில்லாமல் குரைக்காது. அந்நியரைக் கண்டால் சட்டென்று பாயாமல் நின்று பார்க்கும். இந்தக் கடைசி குணம்தான் ஆபத்தும்கூட. நாட்டு நாய் பத்து நிமிஷம் குரைத்து எச்சரிக்கும். இது சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்து ‘பரவாயில்லை, சாதுவாக இருக்கிறது’ என்று கேட்டைத் திறப்பவர் உண்டு. உடம்பு விறைத்து, வாய் மூடி, வால் அசையாமல், கண்ணில் வெள்ளை தெரிய நிற்கிற நாய் சாது இல்லை. முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒட்டி வாழப் பிறந்த நாயைத்தான் நாம் வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி மோட்டார் ரூம் ஓரத்தில் கட்டிவைக்கிறோம். போய்ப் பாருங்கள். சங்கிலி எட்டுகிற தூரத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் வட்டமாகத் தேய்ந்த தரை. கவிழ்ந்து கிடக்கும் அலுமினியத் தட்டு. கழுத்தில் பெல்ட் உரசிய இடத்தில் முடி கொட்டி, சில நாய்க்குப் புண் வைத்து, மழைக்காலத்தில் அதில் புழுவும் வைத்து... அது பகல் முழுக்க என்ன பார்க்கிறது? உரம் இறக்குகிற ஆள் வருகிறார், நாய் பாய்கிறது, சங்கிலி இழுக்கிறது, கழுத்து வலிக்கிறது. பால்காரர் வருகிறார், பாய்கிறது, வலிக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் கல்லெறிகிறான், ஓடிப்போக வழியில்லை. ஆள் வந்தால் வலி என்று தினமும் அதற்குப் பாடம் நடத்திவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கொக்கியைக் கழற்றி விடுகிறோம்.

அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994-ல் ஓர் ஆய்வு வெளியானது. வாசலில் சங்கிலியில் கட்டி வளர்த்த நாய் கடித்த நாயாக இருக்க 2.8 மடங்கு வாய்ப்பு அதிகம் என்றது அது. அதே நாட்டில் 2000 முதல் 2009 வரை நாய் கடித்து இறந்த 256 பேரின் கதையை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்த இன்னொரு ஆய்வு 2013-ல் வந்தது. அதில் முக்கால்வாசிச் சம்பவங்களில் கடித்தவை வீட்டு மனிதரோடு பழகாமல் தனியே ஒதுக்கி வைத்த நாய்கள். பத்தில் எட்டுக்கும் மேல் கருத்தடை செய்யாதவை. பத்தில் எட்டுக்கும் மேல், தடுக்கத் தெம்புள்ள ஆள் பக்கத்தில் இல்லை. நம் மோட்டார் ரூம் நாய்க்கு இந்த மூன்றும் பொருந்துகிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

‘ஆள் பழகிட்டா காவல் போயிடும்’ என்ற பேச்சு தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. இதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. நாலு பேரைப் பார்த்துப் பழகிய நாய்க்குத்தான் சுவரேறிக் குதிப்பவன் வித்தியாசமாகத் தெரியும். ஒருவரையும் பார்க்காத நாய்க்கு எல்லாரும் திருடன்தான், மூன்று மாசம் கழித்து லீவுக்கு வரும் பேரனும் சேர்த்து. குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரை உலகம் பழகும் பருவம். அப்போது குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், தடி ஊன்றிய தாத்தா, ஓடுகிற பிள்ளை, ஆட்டு மந்தை, டிராக்டர் சத்தம் எல்லாம் பயமில்லாமல் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சில வாரங்களை அட்டைப்பெட்டியிலும் சங்கிலியிலும் கழித்துவிட்டு ஒரு வயதில் டிரெய்னரைத் தேடினால் பாதி வேலைதான் நடக்கும்.

இன்னும் சிலர், மிளகாய்ப்பொடி கலந்து சோறு போட்டால் ரோஷம் வரும், பச்சை ரத்தம் குடித்தால் வெறி கூடும், இருட்டறையில் அடைத்தால் ஆளைக் கண்டதும் பாயும் என்று வைத்தியம் சொல்லுவார்கள். மிளகாயில் வருவது வயிற்றெரிச்சலும் பேதியும். இருட்டறையில் வருவது பயம். பயந்த நாய் எதிரே நிற்பது யாரென்று பார்த்துக் கடிக்காது. உறுமினால் அடிக்கிற பழக்கமும் கூடாது. உறுமல் என்பது ‘இதற்கு மேல் வராதே’ என்று அது நமக்குச் செய்கிற மரியாதை. அடித்து அதை நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேரே பல் வரும்.

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதம் திண்டுக்கல் சமவெளி 38, 40 டிகிரி கொதிக்கும்போது கறுப்பு ரோமம் போர்த்திய இந்த நாய் தகரக் கூரைக்குக் கீழே கட்டிக் கிடக்கிறது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். சூடு மிஞ்சினால் எச்சில் கெட்டியாகி, ஈறு செங்கலாகச் சிவந்து, தள்ளாடி விழும். அப்போது நிழலுக்குத் தூக்கிப் போய், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, காற்று விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். உடம்பு தணிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நாய் தேறாது. நடை பழக்குவது வெயிலுக்கு முன்னால், ஆறு மணிக்குள். வெளியே கூட்டிப்போகும்போது வாய்க்கூடு போடச் சொன்னால் சிலர் துணிப்பட்டையால் வாயை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். வாயைத் திறந்து மூச்சிரைக்க இடமுள்ள கம்பிக்கூடு மாதிரி இருப்பதுதான் சரி. வெப்பமும் வலியும் நாயின் கோபத்தைக் கூட்டும் என்பதால் இதெல்லாம் நாய்க்கு மட்டும் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

சாப்பாட்டில் நம் ஊருக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. பிரியாணி எலும்பு. கடையில் மிஞ்சியதையும் இலையில் ஒதுக்கியதையும் பையில் கட்டி வந்து கொட்டுகிறோம். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடையும், தொண்டையையும் குடலையும் குத்தும். போதாக்குறைக்கு அதில் வெங்காயம் ஏராளம், அது நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். சீக்கிரம் பெரிதாக வேண்டுமென்று குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றுவதும் வேண்டாம். பெரிய உடம்பு நாய்க்கு அதிகக் கால்சியமே எலும்பையும் மூட்டையும் கோணலாக்கும். இடுப்பு மூட்டுக் கோளாறு ஏற்கெனவே இந்த இனத்தில் அதிகம். வயிறு முட்டத் தின்றுவிட்டு உடனே ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வேளையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

தென்னந்தோப்பு நாயின் காது மடிப்பையும் கால்விரல் இடுக்கையும் வாரம் ஒருமுறை விரித்துப் பார்த்தால் உண்ணி கொத்துக் கொத்தாக இருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் எவ்வளவு பெரிய நாயும் இரண்டு நாளில் சுருண்டுவிடும். வாழைக்குப் போடும் குருணை மருந்து, எலி மருந்து எல்லாம் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். குட்டியில் பார்வோ தடுப்பூசி தவறவே கூடாது, ராட்வைலரை அது மற்ற இனங்களைவிட எளிதில் தாக்கும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஒருநாள் அது போலீஸ் ஸ்டேஷனில் கேட்கப்படலாம்.

கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டு மாட்டினால் பொறுப்பு முடிந்தது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு, வளர்ப்புப் பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பூப்பறிக்க வந்தவர் நீங்கள் கூப்பிட்டு வந்தவர். போர்டைக் காட்டி அவரிடம் தப்ப முடியாது. இன்னொரு சட்டம் பலருக்கும் தெரியாது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவில், எப்போதும் சங்கிலியில் கட்டிய நாய்க்கு நடை, ஓட்டம் கொடுக்காமல் விடுவதே குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு பிளேட் பிரியாணிக்குக்கூடக் காணாது என்பதால்தான் யாருக்கும் உறைக்கவில்லை போலும்.

கடி பட்டுவிட்டால்? சொந்த நாய், ஊசி போட்ட நாய் என்றாலும் சும்மா விடக் கூடாது. குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், மிளகாய் எதையும் அப்ப வேண்டாம். மந்திரிக்கவும் பச்சிலைக்கும் போகும் நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடலாம், ஊசி இலவசம். முதல் நாள், பிறகு மூன்று, ஏழு, இருபத்தெட்டாம் நாள் என்று சீட்டில் எழுதுவார்கள். ஒன்றும் விடக் கூடாது. ரத்தம் வந்த கடி, தலையிலோ முகத்திலோ கையிலோ கடி என்றால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அதற்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போவது நல்லது. வெறிநோய் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வைத்தியம் கிடையாது. 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் 43 பேர் அப்படிப் போனார்கள்.

காவல் வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வேண்டும். உத்தமபாளையம் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கோம்பை என்ற ஊர், நமக்குப் பக்கத்து மாவட்டம். அந்தப் பெயரிலேயே செம்பழுப்பு உடம்பும் கருமூஞ்சியுமாக ஒரு நாய் உண்டு. இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தது, பராமரிப்புச் செலவு குறைவு. அதுவும் லேசுப்பட்டதில்லை, சங்கிலியில் வருஷக்கணக்காகக் கட்டினால் அதுவும் கடிக்கும். ஆனால் ஐம்பது கிலோ நாயின் தாடையும் இருபது கிலோ நாயின் தாடையும் ஒன்றில்லை. ஒரு எல்.இ.டி. விளக்கு, கேமரா, குரைக்கிற நாய், இந்த மூன்றும் சேர்ந்தால் மோட்டார் ஒயர் திருடனுக்குப் போதும் என்பது என் கணக்கு.

ஏற்கெனவே மோட்டார் ரூமில் ராட்வைலர் கட்டிக் கிடக்கிறதா? இந்த வாரமே ஆக வேண்டியதைச் சொல்கிறேன். ஆளுயரக் கம்பி வேலி, வெளியே ஒரு கேட், உள்ளே ஒரு கேட் என்று கூண்டு கட்டுங்கள். ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும். சங்கிலியைக் கழற்றுங்கள். தினமும் இரண்டு வேளை ஒரே ஆள், தெம்பான பெரிய ஆள், பட்டை பிடித்து நடத்தட்டும். பத்து வயதுப் பையன் கையில் கொடுப்பது வேண்டவே வேண்டாம். நாய் தின்னும்போது குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள். டாக்டரிடம் காட்டிக் கருத்தடை பற்றிக் கேளுங்கள். ராத்திரி அவிழ்த்துத்தான் விடுவேன் என்றால், பூப்பறிக்கும் மேஸ்திரி போன் போட்டு “வர்றோம்ணே” என்று சொன்ன பிறகு, நாய் கூண்டுக்குள் போய்த் தாழ் விழுந்த பிறகுதான் தோட்டத்து கேட் திறக்க வேண்டும். அந்தச் சாவி முதலாளி இடுப்பில் தூங்காமல், நாலு மணிக்கு எழுந்திருக்கிற ஆளிடம் இருக்கட்டும்.

முடியவில்லை, இந்த நாயை என்னால் வைத்துக்கொள்ள இயலாது என்று தோன்றினால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், இந்த இனத்தை வளர்த்துத் தெரிந்த ஆளைத் தேடுங்கள், நாய் ஏற்கெனவே யாரையாவது கடித்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக காரில் ஏற்றிச் சிறுமலை ரோட்டில் இறக்கிவிடுகிற யோசனை மட்டும் வேண்டாம். அதுவும் 11-வது பிரிவில் குற்றம். பட்டினியில் அந்த நாய் முதலில் இறங்கி வருவது அடிவாரத்து ஆட்டுப்பட்டிக்கு. அங்கே கயிற்றுக் கட்டிலில் ஒருவர் காவலுக்குப் படுத்திருப்பார்.